உரியவர் வராத எலும்பு

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர் பெரியகல்லாற்றில் மணலைக் கிளறியவர்கள் எதையும் வீசவில்லை. ஒற்றைச் செருப்பு, கோப்பை, நனைந்த அல்பம், எதுவானாலும் உரியவர் வந்து எடுக்கட்டும் என்று எங்கள் பாடசாலையில் கொண்டுவந்து வைத்தார்கள். யுத்தம் முடிந்த ஆண்டில், சுனாமி வந்து ஐந்தாம் வருடம், அந்த அறையைத் துப்புரவாக்கும்போது பெட்டிக்கடியில் ஒரு எலும்பு கிடைத்தது. யார் எடுத்தது, எங்கே எடுத்தது, ஒருவருக்கும் தெரியாது. நான் விஞ்ஞான ஆசிரியை. என் தலையில் கட்டினார்கள்.

விலா எலும்பு மாதிரி வளைந்திருந்தது. மேலெல்லாம் சிப்பி அப்பிக் கிடந்தது. கனமோ கனம். நான் யோசித்து முடிக்குமுன் ஊர் முடிவு செய்துவிட்டது, மனித எலும்பென்று. எங்கள் ஊர் வாய்க்கு விஞ்ஞானம் எதற்கு?

மறுநாள் பின்வீட்டு அக்கா ஆய்வுகூட வாசலில் நின்றாள். அவள் கணவனைக் கடல் கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை. அதனால் அவள் பொட்டை அழிக்கவுமில்லை, செத்தவீடு செய்யவுமில்லை. பொட்டோடு கோயிலுக்குப் போனால் ஒரு கதை, போகாவிட்டால் இன்னொரு கதை.

"அவர்ட எண்டா சொல்லுங்க டீச்சர். அடக்கம் செய்துபோட்டு அழுது முடிச்சிருவன்."

உள்ளே பார்க்காமல் சொல்ல முடியாது, உடைக்க வேண்டும் என்றேன். சுத்தியலை எடுத்ததும் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டாள்.

"உடையுங்க. மெல்ல."

நுனி தெறித்தது. மனித விலா என்றால் உள்ளே பாண் ரொட்டி போலத் துளை துளையாக இருக்கும். இதில் ஒரு துளையுமில்லை. நடுவரை கெட்டியாகக் கல்லாகியிருந்தது. பல்கலைக்கழகத்தில் கடற்பசுவின் விலாவைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அதேதான். ஓம், அவர்தான் என்று ஒரு பொய் சொன்னால் இவள் இன்றைக்கே அழுது முடிப்பாளே என்றும் தோன்றியது. ஆனால் ஏதோ ஒரு மிருகத்தை அடக்கம் செய்து அவளை அழவைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அக்கா, இது அவர்ட இல்ல. கடற்பசுட எலும்பு. கல்லாப் போயிட்டு."

"கல்லாகிறதுக்கு எவ்வளவு காலம் செல்லும்?"

"எடுத்த இடம் தெரியாம சரியாச் சொல்ல ஏலா. ஆயிரக்கணக்கான வருசம் இருக்கும்."

அவள் அந்தத் துண்டை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"அவ்வளவு காலம் ஒரு மிருகத்துட எலும்பு கிடந்திருக்கு. அவர்ட ஒரு எலும்பு, அஞ்சு வருசம்கூடக் கிடக்கல்லயா டீச்சர்?"