மணல் மூட்டையும் மஞ்சள் பலகையும்

என் வீட்டு மொட்டை மாடியில் நெஞ்சுயர மஞ்சள் பலகை ஒன்று கிடக்கிறது. என் மனைவி அதில் கூழ்வடகம் காயப்போடுகிறாள். படகு கிளப்பும் அலையில், கயிறுகூடப் பிடிக்காமல் நின்று சறுக்குவதற்கான பலகை அது என்றால் பந்தல்குடி ரோட்டில் எவன் நம்புவான்?

அவள் தம்பி, என் மச்சினன், வளைகுடாவில் படகு ஓட்டப் போய் அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டவன். விடுப்பில் பலகையோடு வந்து இறங்கினான். "இங்கயே இத நடத்துனா நான் திரும்பிப் போகவே வேணாம் அத்தான்" என்றான். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு நிற்கிற சீமையில் படகுத் தொழிலா! விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அவனுடைய மூன்று வயது மகள் என்னைக் கூப்பிடுவதுபோலவே அவனையும் "மாமா" என்று கூப்பிட்டதைக் கேட்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷம் நல்ல மழை. என் பைக்கில் பலகையைக் குறுக்கே கட்டிக்கொண்டு காரியாபட்டி, திருச்சுழி என்று கண்மாய் கண்மாயாக அலைந்தோம். கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பார்ப்பான். ஒன்றில் இடுப்பளவுத் தண்ணீர். இன்னொன்றில் ஆழம் இருக்கும், அடியில் வெட்டிப்போட்ட சீமைக்கருவேலத்தின் கூரான மூடுகளும் இருக்கும். விழுந்தால் வயிற்றைக் கிழித்துவிடும். அவன் விடுப்பு கரையக் கரைய எனக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கடைசியில் திருச்சுழிக்குத் தெற்கே ஒன்று அகப்பட்டது. அந்தக் கோடையில்தான் தூர்வாரியிருந்தார்கள். முள் கிடையாது. கல் இறங்கிக்கொண்டே போனது. "ஏ யப்பா, ரெண்டாளு ஆழம் அத்தான்!" என்று என்னைக் கட்டிக்கொண்டான். தோண்டிய மண் எங்கே போயிருக்கும் என்று இருவருமே யோசிக்கவில்லை. வயலில் வளர்ந்த சம்சாரி வீட்டுப் பிள்ளைகள்தாம், வெட்கக்கேடு!

ஊராரிடம் கேட்டுக்கொண்டு, கடற்கரையிலிருந்து என்ஜின் படகு ஒன்றை லோடு வண்டியில் கொண்டுவந்தோம். பின்பக்கம் தாழ்ந்தால்தான் அலை பெரிதாகுமாம். அங்கே மணல் மூட்டைகளாக அடுக்கினான். படகுக்காரர் ஓட்ட, மூன்றாவது சுற்றில் இழுகயிற்றை விட்டுவிட்டு அலைமேல் நின்றான். ஊரே கூவியது. "மாமா தண்ணி மேல நிக்கிறாக!" என்று அவன் மகள் என் தோளில் குதித்தாள்.

அப்போதுதான் ஒரு பெண் கரையிலிருந்து கத்தினாள். "ஏய்யா, நிப்பாட்டுங்க! கரை சரியுது! எங்க நெல்லு கீழதான்யா கெடக்கு!" தோண்டிய மண் முழுவதும் அந்தக் கரையில்தான் ஏறியிருந்தது. இன்னும் இறுகாத புது மண். அடித்த அலையெல்லாம் அதைத் தின்றிருந்தது.

முதலில் ஓடியவன் என் மச்சினன்தான். அலைக்காக ஏற்றிய மூட்டைகளையே படகிலிருந்து இறக்கிச் சரிவில் போட்டு மிதித்தான். சாயங்காலம்வரை அந்தப் பெண்ணோடு சேர்ந்து மண் சுமந்தான். கரை நின்றது. விடுப்பு முடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டான்.

ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் போன் வரும். அலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டான். இன்றும், "கரை நிக்கிதா அத்தான்?" என்றுதான் கேட்டான். "நிக்கிது மாப்ள, புல்லு மொளச்சிருச்சு" என்றேன். "அப்பச் சரி" என்று வைத்துவிட்டான்.

மாடியில் தடதடவென்று சத்தம். ஏறிப் பார்த்தால் அவன் மகள், ஆறு வயதாகிவிட்டது, வடகத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பலகைமேல் கைகளை விரித்து நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா இப்படித்தான நின்னாக, மாமா?"

"ஆமாத்தா. இப்படித்தான்."

இன்னும் கொஞ்சம் முழங்காலை மடக்கச் சொன்னேன்.