வாலெலும்பும் இலவம்பஞ்சுத் திண்டும்

கல்யாணத்துக்கு முந்தின வருஷம், ஒரு மழை நாளில், துறைமுகச் சாலையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் படிக்கட்டில் வழுக்கி, நாலு படிகளை உட்கார்ந்தபடியே இறங்கினேன். வாலெலும்பில் விரிசல். எலும்பு கூடியது, ஆனால் கொஞ்சம் உள்பக்கமாக வளைந்து கூடியது. அதிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் இடது பக்கம் சாய்ந்துதான் உட்காருவேன்.

"மாப்பிள்ளை வீட்டுல மூச்சு விட்டுராத. இடுப்புல அடிபட்ட பொண்ணு பிள்ளை பெறுவாளான்னு கேப்பாவ" என்றாள் அம்மா. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் மாப்பிள்ளையைப் பிடித்திருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். கல்யாணமான முதல் வாரத்தில் அவரிடம் மட்டும் சொன்னேன். "எங்கம்மாட்ட சொல்லிராத" என்றார் அவரும். சொல்லிவிட்டு கத்தாருக்கு விமானம் ஏறிவிட்டார்.

மூன்று வருஷம் மாமியாருக்குத் தெரியாமல் ரகசியத்தைக் காப்பாற்றினேன். சாப்பாட்டு மேசையில் என் நாற்காலிக்கு மட்டும் அவர் ஓர் இலவம்பஞ்சுத் திண்டு போட்டிருந்தார். புது மருமகளுக்குக் கொடுக்கும் செல்லம் என்று நினைத்து, ஒய்யாரமாக அதில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மூன்றாம் வருஷம் அவர் லீவில் வந்துபோன பிறகு உண்டானேன். ஏழாம் மாதம் டாக்டரம்மாவிடம் போனபோது மாமியாரும் கூட வந்தார்.

"இதுக்கு முன்னாடி இடுப்பு, முதுகுல எங்கயாவது அடிபட்டிருக்கா?"

"இல்ல டாக்டர்."

மாமியார் தொண்டையைச் செருமினார். "ஏளா, அந்த ஸ்டூல்ல நேரா உக்காந்துட்டு அதைச் சொல்லு பாப்போம்."

நேராக உட்கார்ந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். படிக்கட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, இதற்காகவே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தாக வேண்டும் என்றில்லை என்றார். மல்லாந்து படுத்துப் பெற்றால் அந்த எலும்பு அழுந்தும். ஒருக்களித்துப் படுத்தால் அது அசைய இடம் கிடைக்கும். அப்படியும் மறுபடி வலி கிளம்பலாம், சில மாதம் உட்கார்ந்து பால் கொடுப்பது சிரமமாகலாம். ஆபரேஷன் என்றால் அதிலும் வெட்டுக்காயமும் வலியும் உண்டு. "ரெண்டுல எதுன்னு யோசிச்சுட்டு வாங்க."

யோசிக்க எங்கே விட்டார்கள்? ஏரலிலிருந்து அம்மா, ஆபரேஷனுக்கு ஜோசியரிடம் இரண்டு நல்ல நேரம் குறித்து வாங்கியே விட்டாள். கத்தாரிலிருந்து அவர், "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்று நழுவினார். மாமியார் வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பொய் சொல்லி வந்தவள் என்று மனதுக்குள் வைத்திருக்கிறாரோ? நாலாம் நாள் பொறுக்கமுடியாமல் நானே கேட்டேன்.

"நீங்க என்ன சொல்லுதிய அத்தே?"

"நான் என்னத்தச் சொல்ல? பெறப்போறவ நீ. ஆனா ஒருக்களிச்சுப் படுத்தா மேல்காலைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேணும்லா, அதுக்கு நான் வாரேன்" என்றார், மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டே.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வலியை ஒளித்து ஒளித்தே அதன் மேல் இத்தனை பயத்தை வளர்த்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. ஒருக்களித்தே பெறுவது என்று முடிவு செய்தேன்.

அப்படியே பெற்றேன். நான் போட்ட கூச்சல் துறைமுகம் வரை கேட்டிருக்கும். மாமியார் சொன்ன சொல் தவறாமல் கடைசி வரை காலைப் பிடித்திருந்தார். தன் கை மரத்துப்போன கதையை இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். பெண் குழந்தை. எலும்பு இரண்டு மாதம் படுத்தியது, பிறகு அடங்கியது.

குழந்தையைப் பார்க்க வந்த அம்மா, சாப்பாட்டு மேசையில் தெரியாமல் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கடைசியில் கேட்டே விட்டாள்.

"மதினி, இவளுக்கு அடிபட்டது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கே" என்றார் மாமியார், குழம்பை ஊற்றியபடி. "காப்பியைக் குடுத்துட்டு ஒரு பக்கமாச் சாஞ்சுல்லா உக்காந்தா. வீட்டுக்கு வந்ததும் நீங்க இப்ப உக்காந்திருக்கியளே, அந்தத் திண்டைத்தான் தச்சேன்."