நாலாம் ஜுரம் தெளிந்த காலை

முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வெங்கடலட்சுமி யாரையும் கொட்டகைக்குள் விடுவாள். பார்க்கப் போயிருந்த என்னை முகர்ந்ததும் மூக்கைச் சுளித்தாள். "இன்னா சார், சென்ட்டு பூசிக்கினு வந்துகீறீங்க! பசங்க செத்துப்பூடும்." வெதுருகுப்பத்துத் தை மாதக் குளிரில் மோட்டார் தொட்டியில் கழுத்துவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன். என் கல்யாணத்தன்றுகூட யாரும் என்னை இந்தப் பாடு படுத்தவில்லை.

பசங்க என்றால் பட்டுப்புழுக்கள். மல்பெரி இலை தவிர வேறெதையும் சீண்டாத பிடிவாதக்காரர்கள். நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டு ஒடுங்கிக் கிடக்கும். அதை அவள் ஜுரம் என்பாள். நாலாம் ஜுரம் தெளிந்தால் அகோரப் பசி, பிறகு கூடு. கூட்டோடு விற்றுவிடுவதால் ஒன்றுகூட அந்துப்பூச்சியாகிப் பறந்ததை அவள் கண்டதில்லை. "பறந்தா எனக்கின்னா சார்?" என்பாள். ஆனால் கொட்டகைக்குள் செருப்பு கூடாது, சண்டை கூடாது. புருஷன் ரங்கையாவைத் திட்டுவதென்றாலும் வெளியே கூட்டிப்போய்த்தான் திட்டுவாள்.

அன்று காலை நாலாம் ஜுரம் தெளிந்திருந்தது. தட்டுத்தட்டாகப் புழுக்கள் தலையைத் தூக்கி இலைக்குத் துழாவின. ரங்கையா தங்கள் மல்பெரித் தோட்டத்தில் வெட்டிவந்த இலைக்கட்டு வாசலில் கிடந்தது. அவள் போடவில்லை. முந்தின சாயங்காலம் தோட்டத்தை ஒட்டிய மாந்தோப்புக்காரன் சுரேஷ்பாபு மாம்பூவுக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தான். அந்த மருந்து இலையில் பட்டிருந்தால் பொழுது சாய்வதற்குள் மொத்தப் புழுவும் பச்சையாகக் கக்கிச் செத்துவிடும். போடாவிட்டாலோ பட்டினி. வேறு இலைக்குக் கங்காதர நெல்லூர்வரை போகவேண்டும், அங்கும் கிடைப்பது நிச்சயமில்லை.

ஆள் அனுப்பியதும் சுரேஷ்பாபு வந்தான். "அம்மதோடு அக்கா, காத்து அந்தாண்ட அடிச்சுது. ஒரு சொட்டு இங்க வர்ல" என்று அம்மா மேல் ஆணையிட்டான்.

"நெஜமாத்தான் சொல்றியா?"

"உன்கிட்ட பொய் சொல்வனா?"

"போடு மே, அதான் சொல்றானே! பசில துடிக்குது பாரு" என்றார் ரங்கையா. அழுதுவிடுவார் போலிருந்தது.

வெங்கடலட்சுமி இலைக்கட்டிலிருந்து ஓர் இலையை உருவி சுரேஷ்பாபுவிடம் நீட்டினாள். "அப்ப நீ துன்னு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டான். லுங்கியில் இலையின் இரண்டு பக்கத்தையும் அழுத்தித் துடைத்துவிட்டு வாயருகே கொண்டுபோனான்.

அவன் தின்னும்வரை அவள் நிற்கவில்லை. இலைக்கட்டைத் தூக்கிப்போய்க் குப்பைக்குழியில் கவிழ்த்தாள். ரங்கையா ஓடிவந்து எடுத்துவிடாதபடி காலாலேயே மண்ணைத் தள்ளி மூடினாள்.