சங்கிலிக்காரர் கொடுத்த சாவி

அரூர் சந்தையில் ரெண்டு ஆட்டுக்குட்டி வாங்கிக்கொண்டு சித்தேரி பஸ்ஸில் ஏறினேன். அன்று பௌர்ணமி. பக்கத்து சீட்டில் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் குட்டிகள் நடுங்கி மூத்திரம் விட்டன.

"ஆட்டை ஏத்துனது என் தப்புங்க," என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அந்த ஆள் சிரிக்கவில்லை.

ஒல்லியான மனிதர். நகவெட்டியால் நகத்தை வெட்டிக்கொண்டே வந்தார். ரத்தம் கசிந்தும் நிறுத்தவில்லை. மடியில் இருந்த பையில் இரும்புச் சங்கிலி.

மலை ஏறும்போது என் கையில் ஒரு சாவியை வைத்தார்.

"அடுத்த வளைவுல எறங்கி, இந்தச் சங்கிலியால என் காலைப் புளியமரத்தோட சேத்துப் பூட்டிக்குவேங்க. காலைல மொத பஸ்ல வந்து தெறந்து வுடுங்க."

"எதுக்குங்க?"

"நெலா வந்தா நான் மனுசனா இருக்க மாட்டேங்க. போன மாசம் பூட்டாம வுட்டேன். எங்க வூட்டு நாயைக் கடிச்சே கொன்னுட்டேன். வூட்டுல கொழந்தைங்க இருக்குதுங்க."

"சாவியைக் கண்டக்டர்கிட்ட குடுங்களேன்."

"அவரு நாளைக்கு வேற ரூட்டுங்க. நீங்க வருவீங்கல்ல?"

"வர்றேங்க" என்றேன்.

காலையில் முதல் பஸ் வந்து நின்றது. ஏறப் பயமாக இருந்தது. மதியம்தான் போனேன்.

சங்கிலி மரத்தில் இருந்தது. பூட்டு பூட்டியபடியே கிடந்தது. அந்தச் சங்கிலி வளையத்திலிருந்து மனுசன் கால் வெளியே வர வழியே இல்லை. ஆள் இல்லை.

சாவி இன்னும் என்னிடம் இருக்கிறது. பௌர்ணமியன்று குட்டிகளை வீட்டுக்குள் கட்டித் தாழ் போடுகிறேன். சில தடவை அவை நடுங்கும். சாவி கேட்டு அவர் வந்திருக்கிறார் என்று நினைப்பேன். கதவைத் திறந்ததில்லை.