திலகவல்லிக்குச் சொல்வது

"வளையலக் கழட்டாத புள்ள, குடுத்தா மறுகா திரும்பி வராது" என்று ஹாஜறா சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்வது தொலைக்காட்சிப் பெட்டிக்கு. பெட்டிக்குள் இருக்கும் மருமகள் கேட்கிற பாடாக இல்லை. வளையல்களை உருவி, மாமியார் திலகவல்லி அம்மாளின் காலடியில் வைத்துவிட்டு விசும்புகிறாள். ஹாஜறா நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு மடியிலிருந்த சேலையை மடித்து அடுக்குகிறாள். இரவு இஷாத் தொழுகை முடிந்த கையோடு நாடகம், நாடகத்தோடு சேலை மடிப்பு. பெருநாளென்றாலும் அவளுடைய ஒழுங்கு அதுதான்.

திலகவல்லி அம்மாள் பெரிய பணக்காரி. இந்தியாவில் எங்கோ ஒரு மாளிகை, மூன்று ஆண்மக்கள், மூன்று மருமகள்கள், வாசலில் வரிசையாகக் கார்கள். தூங்கும்போதும் பட்டுச்சேலைதான் உடுப்பாள். இடையில் ஒரு தடவை மலையிலிருந்து உருண்டு விழுந்து செத்துப்போனாள். சில மாதம் கழித்துத் தலைமயிர்கூடக் கலையாமல் திரும்பி வந்தாள். அன்றைக்கு ஹாஜறா பக்கத்துக் கொட்டில்களுக்கெல்லாம் போய்ச் செய்தி சொல்லிவிட்டு வந்தாள்.

ஹாஜறா இருப்பது தகரக் கொட்டில். கல்முனைக்குடிக் கடற்கரையில் கல்வீடு ஒன்று இருந்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அதுவும் போனது, கணவர் பக்கீர் முகைதீனும் போனார். அது நடந்து நாலு வருஷமாகிறது. மகள் நஸ்லியா, மருமகன் றுமைஸ், அவர்களுடைய கைக்குழந்தை, ஹாஜறா எல்லோருக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். தொலைக்காட்சிப் பெட்டி குவைத்தில் இருக்கும் தங்கை மகன் அனுப்பியது. நாடகத்தில் யாராவது பாட்டுப்பாடக் கடற்கரைக்குப் போனால் ஹாஜறா எழுந்துவிடுவாள். அடுப்பைப் பார்க்க வேண்டும் என்பாள். அடுப்பு எப்போதோ அணைந்திருக்கும். மகளும் அதைக் கேட்பதில்லை, பாட்டு முடிந்ததும் கூப்பிடுவாள்.

சேலை வியாபாரம்தான் ஹாஜறாவின் பிழைப்பு. மருதமுனைத் தறிச் சேலையும் கொழும்புப் பூச்சேலையும் ஒரு பெரிய பைக்குள் திணித்துக்கொண்டு பாண்டிருப்பு, காரைதீவு, வீரமுனை என்று வீடு வீடாக ஏறி இறங்குவாள். நாடகம் பார்ப்பது பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் கோபம் வரும், அது அவளுக்குத் தொழில். செவ்வாய்க்கிழமை வளைகாப்புக்குத் திலகவல்லி உடுத்த சேலை வியாழக்கிழமை ஹாஜறாவின் பையில் இருக்கும். நிறம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கிறதே என்று கேட்டால், "டீவில வெளிச்சம் கூட, அதான் அப்பிடித் தெரிஞ்சது" என்பாள். கரை வேறாக இருக்கிறதே என்றால், அவள் உள்பக்கத்தை மடித்து உடுத்திருந்தாள் என்பாள். இப்படி எத்தனை திலகவல்லிகளை அந்தப் பக்கத்தில் உண்டாக்கிவிட்டாளோ தெரியாது.

காரைதீவில் கஜனி அவளுடைய நிலையான வாடிக்கை. வன்னியில் சண்டை மூண்டிருந்த காலம் அது, கஜனியின் தம்பி அங்கே அகப்பட்டிருந்தான். நாடகத்துக்கு முன்னால் செய்தி போகும்போது ஹாஜறா சேலையை மடிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள், கேட்டு முடித்ததும் அந்தப் பையனுக்காக ஒரு துஆ. பிறகுதான் திலகவல்லி.

அந்த நாடகத்தில் ஹாஜறாவுக்கு விளங்காத ஒன்று உண்டு. மூன்று ஆண்மக்களும் கலியாணம் முடித்த பிறகும் தாயோடு ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்? கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவான். தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னறையில் ஒதுங்கிக்கொள்வாள். மருமகள் என்பவள் பெருநாளுக்கு வந்து போகிற விருந்தாளி, அவளைப் பிடித்து ஆட்டிப்படைப்பது எப்படி? கஜனியிடம் இதைக் கேட்டபோது அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்கள் ஊரிலும் வீடு பெண்ணுக்குத்தான். இரண்டு பேரும் சேர்ந்து, திலகவல்லியின் மக்கள் மூவரும் வெட்கம் கெட்டவர்கள் என்று முடிவு செய்தார்கள்.

மருமகன் வீட்டோடு இருக்கிற ஊரில் மாமிக்கு வேறு ஒரு ஒழுங்கு உண்டு. மருமகன் வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும், நேருக்கு நேர் கதைக்கக் கூடாது. பலர் இதை எப்போதோ விட்டுவிட்டார்கள். ஹாஜறா விடவில்லை. கல்வீட்டில் நாலு கதவுகள் இருந்தன, பிரச்சினை இல்லை. தகரக் கொட்டிலில் ஒளிவதற்கு எங்கே போவது? அங்கேதான் திலகவல்லி கைகொடுத்தாள். றுமைஸிடம் சொல்ல வேண்டியதை ஹாஜறா பெட்டியைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். "அம்மாள், கூரை ஒழுகுது, தகரம் ஒண்டு மாத்தணும் எண்டு உங்கட மகனுக்குச் செல்லுங்க." தடுப்புக்கு அந்தப் பக்கத்தில் றுமைஸ் ஒரு தடவை இருமுவான். கேட்டுக்கொண்டான் என்று அர்த்தம். மறுநாள் ஓட்டோவில் தகரம் வந்து இறங்கும்.

நல்ல பிள்ளைதான். ஓட்டோ ஓட்டுவான், வீண் பேச்சில்லை. அவனுடைய தாய் ஹயறுன்னிசாதான் கொஞ்சம் வேறு மாதிரி. அவளும் இதே நாடகத்தைப் பார்க்கிறவள். ஆனால் ஹாஜறா திலகவல்லியைப் பார்த்துச் சிரித்தாள் என்றால், ஹயறுன்னிசா திலகவல்லியைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

கடலில் வீடு போனவர்களுக்கு வயல் பக்கமாகப் புது வீடுகள் கட்டி முடிந்து, பேர் பதிய அதிகாரி வருகிறார் என்று கதை வந்ததும் ஹயறுன்னிசாவும் வந்துவிட்டாள். வீடு குடும்பத் தலைவன் பேருக்குத்தானாம். அப்படியென்றால் மகனுடைய வீடு, மகன் வீட்டில் தாய்க்கு முன்னறை. கொட்டிலில் இருந்த ஒரே கதிரையில் சாய்ந்துகொண்டு, யன்னலுக்கு எந்த நிறத்தில் சீலை போடுவது என்று நஸ்லியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நஸ்லியா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டாள். இரவு தாயின் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

அடுத்த நாள் நாடகத்தில் ஹாஜறா வளையலையும் பார்க்கவில்லை, வைரத்தையும் பார்க்கவில்லை. "அம்மாள், ஆயிரம் ஏக்கர் வயல் உள்ள போடியாருக்கும் எங்கட ஊரில பொஞ்சாதிட ஊடுதான்" என்றாள், கொஞ்சம் உரக்கவே. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமல் வரவில்லை. திரும்பவும் சொன்னாள். குழந்தை சிணுங்கியது, றுமைஸ் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதிகாரி வந்த காலையில் மின்சாரம் இல்லை. வெளியூர்க்காரர், மரியாதையான மனிதர். வாசலில் நின்றபடி விஷயத்தைச் சொன்னார். குடும்பத் தலைவர் சம்மதித்தால் மனைவியின் பெயரிலும் எழுதலாம், இல்லாவிட்டால் அவருடைய பெயர்தான். றுமைஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஹயறுன்னிசா அவனுக்காகப் பதில் சொன்னாள், மகன்ட பேர்தான், எழுதுங்கோ என்று.

உள்ளே ஹாஜறா வாயைத் திறந்தாள். பெட்டி கறுப்பாக இருந்தது. சொல்வதற்கு ஆளில்லை. வெளியே போய் நேராகச் சொல்லலாம். ஆனால் பிறத்தி ஆளுக்கு முன்னால் மாமி மருமகனை எதிர்த்துக் கதைத்தால் அது சின்ன அவமானம் அல்ல. பாயைச் சுருட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுவான், கூட்டிப்போகத் தாயும் பக்கத்திலேயே இருக்கிறாள். வீட்டைக் கேட்டால் மகளுடைய புருஷன் போவான். கேட்காவிட்டால் மகளுடைய வீடு போகும். கணவர் உயிரோடு இருந்தால் அவரை அனுப்பியிருப்பாள்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை, சம்பந்தியைப் பார்க்கவில்லை. கலியாணம் முடிந்து இத்தனை காலத்தில் முதல்தடவையாக மருமகனுடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மகன், கோவிச்சாலும் கோவிங்க. கடல் கொண்டு போனது நஸ்லியாட ஊட்டத்தான். வாற ஊடும் அவட பேர்லதான் வரணும்."

றுமைஸுக்குக் காது சிவந்துவிட்டது. நஸ்லியா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா மனே ஒனக்கு இஞ்ச இரிக்கிற மதிப்ப" என்று ஹயறுன்னிசா எழுந்துவிட்டாள். "வா, போவம்."

றுமைஸ் இரண்டடி எடுத்துவைத்தான். பிறகு நின்று, தாயிடம் மெதுவாகக் கேட்டான்.

"தங்கச்சிக்கு நீங்க குடுத்த ஊடு ஆர்ர பேர்ல இரிக்கி உம்மா?"

தங்கச்சியின் வீடு தங்கச்சியின் பேரில்தான் இருந்தது, அந்த வீட்டின் பின்னறையில்தான் ஹயறுன்னிசா படுத்தெழும்புகிறாள். றுமைஸ் அதிகாரியின் பக்கம் திரும்பினான்.

"நஸ்லியா எண்டு எழுதுங்க சேர். சொந்தக்காரி அவதான்."

அதிகாரி எழுதிக்கொண்டு அடுத்த கொட்டிலுக்குப் போனார். ஹயறுன்னிசா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் நடையைக் கட்டினாள். அடுத்த கிழமையே நாடகம் பார்க்க வந்துவிட்டாள் என்பது வேறு விஷயம். றுமைஸும் ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மகளும் தாயும் ஒருவரையொருவர் பார்க்காமல் சமைத்தார்கள். ஓட்டோச் சத்தம் எங்கே கேட்டாலும் இரண்டு பேருக்கும் கை நின்றது.

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்தான். கையைக் கழுவிவிட்டுப் பாயில் உட்கார்ந்தான். மருமகனுக்குச் சோறு வைப்பது மகளின் வேலை, நஸ்லியா சோற்றுக் கோப்பையை எடுக்கக் கையை நீட்டினாள். ஹாஜறா அதை அவளுக்கு முன்னால் எடுத்துக்கொண்டாள். சோற்றைப் போட்டு, பாரைமீன் தலையை முழுசாக அதன்மேல் வைத்து, தன் கையாலேயே கொண்டுபோய் அவனுக்கு முன்னால் வைத்தாள். வைத்த பிறகும் உள்ளே போகவில்லை. அவன் முதல் பிடிச் சோற்றை வாயில் வைக்கும்வரை அங்கேயே நின்றாள்.