லாபம், ரெண்டு, மூணு

எழுபதுகளின் கடைசி. வரிச்சிக்குடியில் என் தாயார் இறந்த மூன்றாம் நாள், என் மனைவி பேச்சை நிறுத்தினாள். அன்று சனிக்கிழமை. எனக்கு ஏழரைச் சனி. புருஷனுக்காக மௌன விரதம் என்று ஊரே முடிவு கட்டியது. திருநள்ளாறு பக்கத்தில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். நானும் நம்பினேன்.

"எங்க வீட்டு அம்மாவும் ஒரு நாள் இப்படி இருக்கப்படாதா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஒரு மண்டலம் முடிந்தது. விரதத்தை முடித்துவைக்கச் சனீஸ்வரனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். சாப்பிட்டாள். பேசவில்லை.

காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மனநோய் டாக்டர் தொண்டையைப் பார்த்தார். கோளாறு இல்லை என்றார். அரைத்தூக்கம் வருகிற மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்றினார்.

"ஒண்ணு, ரெண்டு எண்ணும்மா."

கண் சொருகியது. உதடு அசைந்தது.

"லாபம்... ரெண்டு... மூணு..."

நர்ஸ் சிரித்துவிட்டார். நெல் அளக்கும்போது நாங்கள் ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவோம். சனீஸ்வரனிடம் கேட்டுக் கிடைக்காத குரல், ஊசியில் பாதி இறங்குவதற்குள் வந்துவிட்டது.

"அத்தை கடைசியா என்ன கேட்டாங்க?" என்றார் டாக்டர். அம்மா செத்ததிலிருந்துதான் இப்படி என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

"தண்ணி."

"குடுத்தியாம்மா?"

"குடுக்கப்படாதுன்னு எங்க வீட்டுக்காரவங்க சொல்லிட்டு வயலுக்குப் போயிட்டாங்க. அத்தை ரெண்டு வாட்டி கேட்டுச்சு. மூணாவது வாட்டி கேக்கல."

கண்ணோரம் வழிந்தது. அப்படியே தூங்கிப்போனாள்.

"முழிச்சா மறுபடியும் வாய மூடிக்கிட்டாலும் மூடிக்குவாங்க. பக்கத்துலயே இருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

இருந்தேன். அம்மாவுக்கு உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கத்தான் வைத்தியம் பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள். கொடுக்கவே கூடாது என்று இவளிடம் சொன்னவன் நான். ஊசி போட்டு இவளைத்தான் பேச வைத்தார்கள். எனக்கு யாரும் போடவில்லை.

சாயந்திரம் விழித்தாள். வாய் இறுகியிருந்தது.

"தப்பு என்னுது" என்றேன். "கொறச்சுக் குடுக்கத்தான் சொன்னாங்க. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

என் பக்கம் திரும்பினாள். மருந்து முழுக்கத் தெளிந்திருந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்ல" என்றாள்.