அம்மா முணுமுணுத்த பாட்டு

பூந்தமல்லி பஸ் நிலையத்து டீக்கடையில் நேற்று ஒரு பழைய சினிமாப் பாட்டு ஓடியது. வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் அப்படியே நின்றுவிட்டது.

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு ரேடியோவில் செய்தியும் கிறிஸ்தவ நிகழ்ச்சியும் மட்டும்தான். "உலகப் பாட்டு புள்ளைங்களைக் கெடுத்துரும்" என்பார் ஃபேக்டரியில் வேலை பார்த்த அப்பா. அவர் ஷிஃப்டுக்குப் போனதும் அம்மா சத்தத்தைக் குறைத்து வைத்து, மீன் கழுவிக்கொண்டே சினிமாப் பாட்டோடு சேர்ந்து முணுமுணுப்பாள். அப்போது அவள் முகமே வேறு.

எனக்கு எட்டு வயது. ஒருநாள் குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தபோது, அப்பாவிடம் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கும் ஆசையில், "ஆண்டவரே, சினிமாப் பாட்டு கேக்குற அம்மாவை மன்னியும்" என்றேன்.

அப்பா ஆமென் சொல்லவில்லை. எழுந்துபோய் ரேடியோவை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அம்மா என்னைத் திட்டவில்லை. எப்போதும்போல் சோறு போட்டாள். அதற்குப் பிறகு சர்ச்சில்கூட அவள் வாய்விட்டுப் பாடி நான் கேட்டதில்லை.

டீக்கடையிலிருந்தே அவளுக்கு போன் செய்தேன்.

"அம்மா, அன்னைக்கு ஜெபத்துல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"விடுடி, நீ சின்னப் புள்ள" என்றாள்.

முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது. என்றைக்கு, எந்த ஜெபம் என்று அவள் கேட்கவே இல்லை.